நொய்யல் கற்பிக்கும் பாடம்: ஊரார் கையில் நீர்க் கணக்கு

ஆண்டுதோறும் நமது சங்கங்களின் மகாசபை கூடும்போது ஐந்தொகை வாசிக்கப்படுகிறது. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று காரியதரிசி படித்து முடித்ததும், கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் அது எங்கே போயிற்று என்று கேட்க அங்கத்தினர் தயங்குவதில்லை. நூல் வாங்கிய கணக்கும் உரம் விற்ற கணக்கும் இத்தனைக் கண்டிப்புடன் பார்க்கப்படுவது நமது இயக்கத்துக்குப் பெருமை தருவதே. ஆனால் தறியும் தோட்டமும் எந்தப் பொருளை நம்பி நடக்கின்றனவோ, அந்தத் தண்ணீருக்கு நமது ஊர்களில் ஐந்தொகை கிடையாது. எவ்வளவு பெய்தது, எவ்வளவு இறைத்தோம், எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, மிஞ்சிய நீர் எத்தகையதாய் இருக்கிறது என்பதை எவரும் எந்தச் சபையிலும் வாசிப்பதில்லை.

கணக்கில்லாத இடத்தில் திட்டம் நிலைப்பதில்லை. ஒரு வட்டாரத்தின் நீருக்குத் திட்டம் வகுக்கும்போது, அந்நீரால் வாழ்வோர் அனைவரும், அதாவது மேல்மடையாரும் கடைமடையாரும், உழவரும் சாயமிடுவோரும், ஒரே சபையில் அமர்ந்து ஒரே கணக்கைப் பார்த்தாலன்றி அத்திட்டம் பயன் தராது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதற்கு வேற்று நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. கொங்கு நாட்டின் நடுவே ஓடும் நொய்யல் ஆறே போதிய சான்றாகும்.

ஆறும் அதன் குளங்களும்

நொய்யல் மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவு சென்று காவிரியில் கலக்கிறது. மலையில் மழை மிகுதி. ஆனால் சமவெளி மழை மறைவுப் பிரதேசம். அங்கே பெரும்பகுதியில் ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே பெய்கிறது. மலையிலிருந்து சில நாட்களே பெருக்கெடுத்து வரும் வெள்ளத்தை ஆண்டு முழுவதும் வைத்துக் காப்பாற்றும் பொருட்டு, நம் முன்னோர் ஆற்றின் குறுக்கே சிறு சிறு அணைக்கட்டுகளை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, குளங்களைச் சங்கிலிபோல் இணைத்தனர். உக்கடம் பெரியகுளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம், சூலூர்க் குளம் ஆகியன அச்சங்கிலியின் கண்ணிகளே. ஒரு குளம் நிரம்பிய பின் அடுத்த குளத்துக்கு நீர் போக வேண்டும். ஆகவே ஓர் ஊரார் செய்யும் காரியம் அடுத்த ஊரைத் தொடாமல் இராது. ஆற்று நீர் பொது முதல். அதில் எவர் கைவைத்தாலும் மற்றவர் பங்கு மாறும்.

அணை எழுந்ததும் பயன் கெட்டதும்

கைத்தறிப் படுக்கை விரிப்புகளுக்குப் பெயர்பெற்ற சென்னிமலைக்கு அருகே, ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டு 1992-இல் முடிவுற்றது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளின் வறண்ட நிலங்களுக்குப் பாசனம் அளிப்பதே அதன் நோக்கம். பொறியாளர்கள் ஆற்றில் வரும் நீரின் அளவைக் கணக்கிட்டனர், ஆயக்கட்டு வகுக்கப்பட்டது, வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. நீர் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை இருந்தது. அது எத்தகைய நீர் என்ற கேள்வியை எழுப்ப வேண்டியவர்கள் அந்தத் திட்டக் குழுவில் இடம்பெறவில்லை.

அதே ஆண்டுகளில் ஆற்றின் மேல்பகுதியில் திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பெருவளர்ச்சி கண்டது. பனியன் துணியை வெளுக்கவும் சாயமிடவும் நூற்றுக்கணக்கில் பட்டறைகள் எழுந்தன. அவற்றின் தொகை ஒரு காலத்தில் எழுநூறுக்கு மேல் இருந்தது. பருத்தியில் சாயம் பற்றுவதற்கு உப்பு மிகுதியாகத் தேவை. சாயம் துணியில் ஏறிவிடும். உப்போ ஏறக்குறைய முழுவதும் கழிவு நீரிலேயே தங்கிவிடும். சுண்ணாம்பும் படிகாரம் போன்ற பொருள்களும் இட்டுத் தெளியவைக்கும் பழைய முறையில் நிறம் ஓரளவு நீங்கும். கரைந்த உப்பு நீங்காது. வெளியேற்றப்படும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது விதி. அவ்விதியை அம்முறையால் நிறைவேற்ற இயலவில்லை. இவ்வாறு நாள்தோறும் எட்டுக் கோடி லிட்டர் அளவில் கழிவு நீர் நொய்யலை அடைந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது.

பாசனத்துக்காகக் கட்டிய அணை கழிவுத் தொட்டியாயிற்று. அதன் நீரைப் பயிருக்கு விட்டால் மண் இறுகிக் கெடும். விடாமல் தேக்கினால் சுற்றிலுமுள்ள கிணறுகளில் உப்பு இறங்கும். திறந்து விட்டால் கீழே கரூர்ப் பகுதிக்குக் கேடு. எப்பக்கம் திரும்பினாலும் நட்டம் என்ற நிலை ஏற்பட்டது. தென்னை காய்ப்புக் குன்றியது; கிணற்று நீர் குடிப்பதற்கு உதவாமற் போயிற்று; கால்நடைக்கும் வேறிடத்து நீர் தேட வேண்டியதாயிற்று.

நீதிமன்றமே சந்திக்கும் இடமான கதை

மேலே உள்ளவரும் கீழே உள்ளவரும் கலந்து பேச ஒரு சபை இல்லாதபடியால், அவர்கள் சந்தித்த இடம் நீதிமன்றமாயிற்று. 1996-இல் கரூர்ப் பகுதி விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். 2003-இல் நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கு தொடர்ந்தது. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடலாகாது என்ற கட்டளை 2006 டிசம்பரில் பிறந்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அதன் பின்னரும் கட்டளை நிறைவேறாமையால், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அன்று பட்டறை முதலாளிகள் மட்டுமின்றி, அன்றாடக் கூலி பெறும் தொழிலாளரும் வேலையிழந்தனர். அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகள் உழவர் நட்டப்பட்டனர். பின்னர் தொழிலாளர் நட்டப்பட்டனர். வழக்கின் முடிவு நியாயமானதே. ஆயினும் அணைக்கு அடிக்கல் நாட்டுமுன் ஒரே சபையில் பேசி முடித்திருக்க வேண்டிய காரியத்துக்கு இரு தரப்பாரும் எத்துணை விலை கொடுத்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

பின்னர் நிகழ்ந்ததும் கவனிக்கத்தக்கது. 2011-இல் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளிக்க முன்வந்தது. பட்டறைகள் பல கூடிப் பங்கு போட்டு நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு வடிகட்டும் இயந்திரங்களும், எஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி வற்றச் செய்யும் கலங்களும் முழுமையாக அமைக்கப்பட்டன. நீரில் பெரும்பகுதி மீண்டும் சாயத் தொட்டிக்கே திரும்புகிறது. உப்பின் ஒரு பகுதியும் மீட்டெடுத்துப் பயன்படுத்தப்படுகிறது. செலவு பெரிதுதான். ஆனால் தனித்தனியே எந்தச் சிறு பட்டறையாலும் தாங்க முடியாத செலவைப் பலர் கூடித் தாங்கினர் என்பதில் கூட்டுறவாளர்க்கு ஒரு செய்தி உண்டு. நூலுக்குச் சாயமேற்றும் சிறு தொட்டிகளை ஆங்காங்கே வைத்திருக்கும் கைத்தறிச் சங்கங்களும், பல சங்கங்கள் சேர்ந்து ஒரு பொதுச் சாயச்சாலையும் ஒரு சுத்திகரிப்பு நிலையமும் என்ற வழியைக் கருத வேண்டும்.

பழி ஒரு பக்கம் மட்டுமா?

சாயத் தொழில் ஒன்றின் மேலேயே முழுப் பழியையும் சுமத்திவிட்டு உழவர் ஓய்ந்திருத்தல் பொருந்தாது. காவிரியிலிருந்து குழாய் வழியே தொழிலுக்கு நீர் கொண்டுவரப்படும் முன்னர், திருப்பூரைச் சூழ்ந்த ஊர்களின் கிணற்று நீர் லாரி லாரியாகப் பட்டறைகளுக்குச் சென்றது. தோட்டப் பயிரைக் காட்டிலும் தண்ணீரை விற்பது இலாபம் என்று கண்ட விவசாயிகள் பலர். அந்த நீரே உப்பு நீராகக் கீழ்ப்பகுதி விவசாயியின் வயலை அடைந்தது. நகரங்களின் சாக்கடையும் நொய்யலிலேயே கலந்தது; குளங்களின் வரத்து வாய்க்கால்கள் ஆக்கிரமிக்கப்பட்டன. ஒவ்வொருவரும் தம் தம் வரவை மட்டும் பார்த்தனர். ஆற்றின் ஐந்தொகையைப் பார்ப்பவர் எவரும் இலர். குற்றத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

குடிமராமத்தும் இன்றைய சட்டமும்

ஊரார் கூடி நீரை நிர்வகித்தல் நமக்குப் புதிதன்று. குளத்தைத் தூர் வாருதல், கரையைப் பலப்படுத்துதல், வாய்க்கால் செப்பனிடுதல் ஆகியவற்றை வீட்டுக்கு ஓர் ஆள் என்று செய்து வந்த குடிமராமத்து முறையை மூத்தோர் அறிவர். நீரை முறைவைத்துப் பாய்ச்ச நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று வழங்கப்பட்ட ஊழியர் இருந்தனர். அறுவடையில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அம்முறை தளர்ந்தபோது, 1858-இல் சென்னை மாகாணத்துக்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஊரார் தாமாகச் செய்த காரியத்தைச் சட்டத்தின் அச்சுறுத்தலால் செய்விக்க முயன்றமையால் பழைய உயிர் திரும்பி வரவில்லை. மேலும் அந்தப் பழைய முறையில் நிலமில்லாதாருக்கும் பெண்களுக்கும் உழைப்பில் பங்கு இருந்ததேயன்றிப் பேச்சில் பங்கு இல்லை என்பதையும் மறைக்கலாகாது. 2017 முதல் மாநில அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தை நடத்திக் குளங்களைத் தூர் வாரியது.

2000-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கான சட்டம் நிறைவேற்றப்பட்டது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இதன்கீழ் அமைந்தன. இது வரவேற்கத்தக்கதே. எனினும் அச்சட்டம் பாசனப் பரப்பில் நிலமுடையாரையே கருத்தில் கொண்டது. சாயத் தொட்டி வைத்திருப்பவரும், தறி நெய்பவரும், குடிநீர் சுமக்கும் பெண்மணியும், ஆடு மேய்ப்பவரும் அந்தச் சபையில் வாக்களிப்பவர் அல்லர். நொய்யலைப் போல் தொழிலும் உழவும் பின்னிக் கிடக்கும் ஆற்றுக்கு நிலமுடையாரின் சபை மட்டும் போதுமானதன்று.

ஊரார் கணக்குப் பார்த்த ஊர்கள்

ஊரார் நீர்க் கணக்குப் பார்க்க வல்லரா என்று ஐயுறுவோர்க்கு இரண்டு இடங்களைக் காட்டலாம். மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் என்ற சிற்றூரில் மழை மிகக் குறைவு. ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவே. 1990-ஐ ஒட்டிப் போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைமை ஏற்ற பின், ஊரார் குன்றுகளில் வரப்பு வெட்டி மழை நீரைத் தேக்கினர். அதனினும் பெரிய காரியம், ஒவ்வோர் ஆண்டும் மழை முடிந்ததும் ஊர் கூடி, பெய்த மழையையும் கிணற்று மட்டத்தையும் கணக்கிட்டு, முதலில் குடிநீரும் கால்நடைக்கு நீரும் ஒதுக்கி, எஞ்சியதற்கேற்பப் பயிரைத் தீர்மானிப்பதாகும். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில்லை, கரும்பு நடுவதில்லை என்று தமக்குத் தாமே விதி செய்துகொண்டனர்.

அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் ஏழு வறட்சி மாவட்டங்களில் 2010 வரை நடந்த ஒரு திட்டத்தில், விவசாயிகளே மழைமானியைப் படித்தனர். கிணற்று மட்டத்தை அளந்து ஊர்ச் சுவரில் எழுதினர். பின்பருவச் சாகுபடிக்கு முன் கூடி நீர் இருப்பைக் கணக்கிட்டனர். எவரையும் எப்பயிரையும் கைவிடும்படி வற்புறுத்தவில்லை. கணக்கு எல்லோர் கண்முன்னும் இருந்தது. பலர் நெற்பரப்பைத் தாமே குறைத்துக்கொண்டனர்.

ஒரு குளத்தின் வரவு

நம் வட்டாரத்துக்கு இக்கணக்கு இப்பொழுது மிகவும் அவசியம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் கோரி வந்த அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீர் 1.5 டி.எம்.சி. அளவை இறைத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளங் குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம்.

ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். ஆகவே 1.5 டி.எம்.சி. நீரை 1,045 குளங்களுக்குச் சமமாகப் பகிர்ந்தால், ஒரு குளத்துக்குச் சுமார் 4 கோடி லிட்டர் வரும். கேட்பதற்கு இது பெருந்தொகை. ஆனால் 1,200 மில்லிமீட்டர் நீர் குடிக்கும் நெல்லுக்கு ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர் வேண்டும். அப்படியாயின் அந்தக் குளத்து நீர் முழுவதும் எட்டு ஏக்கர் நெல்லுக்கே போதும். 450 மில்லிமீட்டரில் விளையும் சோளமாயின் இருபது ஏக்கருக்குச் சற்று மேல்.

இனி மழையைப் பாருங்கள். 650 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் 26 லட்சம் லிட்டர் விழுகிறது. 2,000 ஏக்கர் பரப்புள்ள ஓர் ஊரில் 520 கோடி லிட்டர். இதில் பத்தில் ஒரு பங்கை நிலத்துள் இறக்கினாலும் 52 கோடி லிட்டர். குழாயில் வரும் பங்கைப்போல் பதின்மூன்று மடங்கு. வெளியிலிருந்து வரும் நீர் நமக்குக் கிடைத்த மானியம் போன்றது. ஊரில் பெய்யும் மழையே நமது பங்கு மூலதனம். மானியம் வந்தது என்று மூலதனத்தைச் சிதற விடும் சங்கம் நிலைக்குமா? வரத்து வாய்க்கால் அடைபட்டும், குளத்தில் சாக்கடை கலந்தும் இருக்குமாயின், அத்தனை செலவில் இறைத்து வந்த நீரும் பயன்படாது. குளத்தைக் காக்கும் பொறுப்பு ஊராருடையதே.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நீர்க் கணக்கில் பாதி ஏற்கெனவே நமது சங்கப் புத்தகங்களில் இருக்கிறது என்பதை அங்கத்தினர் கவனிக்க வேண்டும். பயிர்க் கடன் மனுவில் இன்ன பயிர், இத்தனை ஏக்கர் என்று எழுதப்படுகிறது. கடனுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று அளவு இருப்பது போல, நீருக்கும் பயிர்வாரியாக ஓர் அளவு வைத்துப் பெருக்கினால், வரும் பருவத்தின் நீர்ச் செலவு பெரும்பாலும் தெரிந்துவிடும். கடன் பெறாதார் சாகுபடியை ஊர்க் கணக்கிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். நெசவாளர் சங்கத்தின் சாயக் கொள்முதல் ஏட்டிலிருந்து எத்தனை கிலோ நூலுக்குச் சாயமேறியது என்பது தெரியும். செலவுப் பக்கம் இவ்வாறு கைவசம் உள்ளது. வரவுப் பக்கத்தை மட்டும் நாம் எழுதத் தொடங்க வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு சங்கக் கட்டடத்திலும் ஒரு மழைமானி வைத்து நாள்தோறும் பதிதல் வேண்டும். ஊரின் மேட்டிலும் பள்ளத்திலும் சில கிணறுகளைத் தெரிந்தெடுத்து, மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை அளப்பதுடன், உப்பின் அளவைக் காட்டும் கைக்கருவியால் தரத்தையும் சோதித்து அறிவிப்புப் பலகையில் எழுதுதல் வேண்டும். ஒரத்துப்பாளையத்தில் விடுபட்டது இந்தக் கணக்கே.

இரண்டாவது, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை மாதத்தில், உழவர் சங்கமும் நெசவாளர் சங்கமும் ஊராட்சியும் கூட்டாக ஒரு நீர் மகாசபை நடத்துதல் வேண்டும். அதில் கடைமடையார், நிலமில்லாதார், பெண்கள், சாயமிடுவோர் ஆகிய ஒவ்வொரு தரப்பாருக்கும் இடமும் வாக்கும் இருத்தல் வேண்டும். ஏக்கருக்கு ஒரு வாக்கு என்று வைத்தால் சபை பெருநிலக்காரருடையதாகிவிடும். ஓர் அங்கத்தினர்க்கு ஒரு வாக்கு என்ற நமது கோட்பாடே இங்கும் ஏற்றது.

மூன்றாவது, அச்சபை சில துணை விதிகளை இயற்றுதல் வேண்டும். குடிநீருக்கு முதலிடம், வறட்சியில் கடைமடைக்கு முதல் முறை, குளத்திலோ ஓடையிலோ கழிவு விடுவார்க்கு அபராதம், அபராதத் தொகை குளப் பராமரிப்புக்கு.

நான்காவது, தொடக்கச் சங்கம், மத்திய வங்கி, தலைமை வங்கி என்று கடன் அமைப்பு மூன்று படிகளில் இருப்பது போல, ஊர்ச் சபைகள் ஓடைவாரியாகவும், ஓடைச் சபைகள் ஆற்றுவாரியாகவும் இணைதல் வேண்டும். கௌசிகா, நல்லாறு போன்ற கிளைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சபையும், நொய்யல் முழுமைக்கும் ஒரு பேரவையும் இருப்பின், மேலே ஒரு தொழிற்பேட்டையோ கீழே ஓர் அணையோ திட்டமிடப்படும்போது, அதன் கணக்கு முதலில் அப்பேரவையின் முன் வைக்கப்படும்.

ஒரு எச்சரிக்கை

அதிகாரிகள் வரைந்து முடித்த திட்டத்தை ஊரில் வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குவதை மக்கள் பங்கேற்பு என்று கூறும் வழக்கம் உண்டு. வாசித்துக் கேட்டவர் பங்காளர் ஆகமாட்டார். கணக்கை எழுதவும், மறுக்கவும், திருத்தவும் உரிமை உடையவரே பங்காளர். அதே வேளையில், ஊரார் கூடினால் அரசாங்கமும் சட்டமும் வேண்டாம் என்று எண்ணுதலும் தவறு. பெரிய பட்டறையின் கழிவுக் குழாயை ஊர்ச் சபையால் மட்டும் அடைக்க முடிவதில்லை. அதற்குச் சட்டத்தின் கை வேண்டும். அந்தக் கைக்குச் சான்று கொடுக்க ஊரார் நாள்தோறும் எழுதிய ஏடு வேண்டும்.

கொங்கு நாட்டில் தறியும் தோட்டமும் ஒரே ஊரில், பல இடங்களில் ஒரே வீட்டில் இருக்கின்றன. அண்ணன் நெசவாளர் சங்கத்திலும் தம்பி வேளாண்மைச் சங்கத்திலும் அங்கத்தினராயிருப்பது புதுமையன்று. ஆகவே இவ்விரு சங்கங்களும் தண்ணீருக்காக எதிரெதிர் வழக்காடுவதைக் காட்டிலும் ஒரே ஏட்டில் கணக்கெழுதுவது எளிதாதல் வேண்டும். வருகின்ற தை மாதத்துக்குள் ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாக சபையும் மழைமானிக்கும் கிணற்று அளவைக்கும் ஒரு தீர்மானம் நிறைவேற்றுமாயின், அடுத்த மகாசபையில் ரூபாய்க்கு வாசிக்கும் ஐந்தொகைக்குப் பக்கத்தில் நீருக்கும் ஓர் ஐந்தொகை வாசிக்கலாம். அதில் குறை காணும் அங்கத்தினர் எழுந்து கேள்வி கேட்கட்டும். நீர்த் திட்டம் அக்கேள்வியிலிருந்தே தொடங்கும்.